மீதியைப் போற்றிய மேதை

காலத்தை அளத்தற்கு மக்கள் கைக்கொண்ட கருவிகள் இரண்டு. ஒரு நாளினுள் அடங்கிய சிறுபொழுதை அளப்பது மணிக்கூடு. நாள்களின் பெருந்தொகுதியை அளப்பது நாட்காட்டி. இவ்விரண்டையும் பற்றிய கணக்குகள் போட்டிப் பரீட்சைகளிலே பெரிதும் இடம்பெறுவன. மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் இரு முட்களும் எப்பொழுது ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் என்பது ஒரு வினா. இன்ன ஆண்டின் இன்ன திகதி என்ன கிழமை என்பது மற்றொரு வினா. இவற்றை எதிர்ப்படும் மாணாக்கர் பலர் சூத்திரமொன்றை மனனஞ் செய்துகொண்டு, எண்களை அதனுள் இட்டு, விடை வந்தவழி மகிழ்ந்தும் வாராதவழி மயங்கியும் நிற்பர். அச்சூத்திரத்தின் உயிர்நிலை யாதென உசாவுவார் மிகச் சிலரே.

அவ்வுயிர்நிலை, வகுத்தலின்பின் எஞ்சும் மீதியேயாகும். பொதுவாக நாம் ஈவையே பயனாகக் கொண்டு மீதியைப் பொருட்படுத்தாது விடுகின்றோம். அங்ஙனம் விடப்படும் மீதியை எடுத்து, அதற்கென ஒரு குறியீடும் இலக்கணமும் வகுத்து, ஒரு தனிக் கலையாகவே நிறுவியவர் ஜேர்மனி தேசத்துக் கணிதப் பேரறிஞர் காள் பிரீட்றிக் கவுஸ் என்பவர். தாம் பிறந்த திகதியையே கணக்கிட்டு அறிந்துகொள்ள வேண்டியிருந்தவர் அவர் என்பது அவருடைய வரலாற்றிலே நாம் முதற்கண் அறியத்தக்கது.

பிறன்சுவிக் என்னும் நகரிலே ஓர் ஏழைக் குடும்பத்தில் கவுஸ் பிறந்தார். தந்தையார் தோட்ட வேலையும் கட்டட வேலையும் செய்து வாழ்ந்தவர். நேர்மையும் கண்டிப்பும் உடையவர். அன்னையார் டொறதேயா திருமணத்துக்கு முன்னர் வீட்டுப் பணிப்பெண்ணாய் இருந்தவர். எழுதத் தெரியாதவர், வாசித்தலும் அரிதாகவே அவருக்குக் கைவந்தது. ஆதலின் மகன் பிறந்த திகதியை அவர் எங்கும் குறித்துவைத்தாரல்லர். ஆனால், தாயுள்ளம் அந்நாளை முற்றாக மறந்துவிடவுமில்லை. மகன் பிறந்தது ஒரு புதன்கிழமை என்பதும், அது கிறிஸ்துநாதரின் ஆரோகணத் திருநாளுக்கு எட்டு நாள் முந்தியது என்பதும் அவர் நினைவில் நின்றன. ஏட்டுக் கல்வி இல்லாத அவர் கோயிற் திருநாளைக்கொண்டே நாளை நினைவிலிருத்தினார்.

இந்நினைவு எத்துணைச் செம்மையானது என்பதைச் சிறிது நோக்குவோம். ஆரோகணத் திருநாள் எக்காலத்தும் வியாழக்கிழமையிலேயே வருவது. வியாழனிலிருந்து ஏழு நாள் பின்னோக்கிச் சென்றால் மீண்டும் வியாழன். எட்டாம் நாள் புதன். எனவே அன்னையார் கூறிய கிழமையும் நாட்கணக்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஆயினும் அத்திருநாள் ஆண்டுதோறும் வெவ்வேறு திகதியில் வருமாகலின், அவ்வாண்டில் அது எத்திகதியில் வந்தது என்பதை அறிந்தாலன்றிப் பிறந்த திகதி புலப்படாது. அதனை அறியும் வழியை மகனே பிற்காலத்தில் வகுத்தார்.

இளமையிலேயே எண்கள் கவுசுக்கு விளையாட்டுத் தோழராயின. ஒன்று முதல் நூறு வரையுள்ள எண்களைக் கூட்டுமாறு உபாத்தியாயர் பணித்தபோது, சிறுவராகிய கவுஸ் நொடிப்பொழுதில் 5050 என விடையெழுதிய கதை எங்கும் வழங்குவது. முதலெண்ணையும் கடையெண்ணையும் சேர்த்தால் 101. அத்தகைய இணைகள் ஐம்பது என்பதே அதன் மருமம். நெசவுத் தொழிலில் வல்லவரான தாய்மாமன் மருகனின் அறிவை ஊக்கி வளர்த்தார். சிறுவரின் திறமை 1791ஆம் ஆண்டில் பிறன்சுவிக் கோமகனின் செவிக்கு எட்டியது. அவர் உபகாரச் சம்பளம் அளித்து, முதலில் அந்நகரத்துக் கலாசாலையிலும், 1795 முதல் கோற்றிங்கன் சர்வகலாசாலையிலும் கற்க வழிசெய்தார்.

கோற்றிங்கனிற் சேர்ந்தபொழுது கவுசின் உள்ளம் இருவழிப்பட்டு நின்றது. மொழியாராய்ச்சியில் அவருக்கிருந்த காதல் கணிதத்திலிருந்த காதலுக்குச் சிறிதும் குறைந்ததன்று. கிரேக்கமும் இலத்தீனும் ஒருபால் அழைத்தன. எண்கள் மற்றொருபால் அழைத்தன. 1796 மார்ச்சு மாதத்திலே, பத்தொன்பது வயது நிரம்புமுன், வரைகோலும் கவராயமும் மாத்திரம் கொண்டு பதினேழு பக்கமுள்ள ஒழுங்கான பல்கோணியை வரைதல் கூடும் என்பதை அவர் நிறுவினார். கிரேக்கர் காலந்தொட்டு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டாக எவரும் காணாத செய்தி அது. அன்று அவர் கணிதத்தையே வாழ்நாட் பணியாகத் துணிந்தார். மொழிக்காதலோ அவரை விட்டு நீங்கிற்றில்லை. அறுபத்திரண்டு வயதில் உருசிய மொழியைத் தாமே கற்கத் தொடங்கி, அம்மொழி நூல்களை மூலத்திலேயே படிக்கும் ஆற்றல் பெற்றார். மொழி கற்போர்க்குக் கணிதமும் கணிதங் கற்போர்க்கு மொழியும் ஆகா என்று எண்ணுவோர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

1800ஆம் ஆண்டில் உயிர்த்தெழுந்த ஞாயிற்றின் திகதியைக் காணும் விதியொன்றைக் கவுஸ் வெளியிட்டார். மார்ச்சு 21ஆந் திகதியிலோ அதன் பின்னரோ வரும் முதற் பூரணைக்கு அடுத்த ஞாயிறே அத்திருநாள் என்பது திருச்சபையின் ஏற்பாடு. ஈண்டுப் பூரணை என்பது வானிற் காணும் பூரணையன்று. திருச்சபையின் அட்டவணைப்படி கொள்ளப்படுவது. சூரியன், சந்திரன், கிழமை ஆகிய மூன்றின் ஓட்டமும் ஒருங்கே பின்னிக் கிடத்தலால், அதனை அறியக் குருமார் நீண்ட அட்டவணைகளைப் புரட்டவேண்டியிருந்தது. கவுஸ் அவ்வட்டவணைகளையெல்லாம் சில மீதிகளாகச் சுருக்கினார்.

அவ்விதியை 1777ஆம் ஆண்டுக்கு இட்டுப் பார்ப்போம். 1777ஐ 19ஆல் வகுக்க மீதி 10. பத்தொன்பது ஆண்டுக்கு ஒருமுறை பூரணைகள் ஏறத்தாழ அதே திகதிகளில் மீளும் ஆதலின் இவ்வெண் வந்தது. அவ்வாண்டை 4ஆல் வகுக்க மீதி 1. இது நெட்டாண்டின் பொருட்டு. 7ஆல் வகுக்க மீதி 6. இது கிழமையின் பொருட்டு. இவற்றோடு நூற்றாண்டுக்கேற்ப மாறும் எண்கள் இரண்டு உள. 1700 முதல் 1799 வரை அவை 23, 3 என்பன.

முதல் மீதியாகிய 10ஐ 19ஆற் பெருக்கி 23ஐக் கூட்ட 213 ஆகும். அதனை 30ஆல் வகுக்க மீதி 3. இதனை நான்காம் மீதி என்போம். பின்னர் இரண்டாம் மீதியின் இருமடங்கு 2, மூன்றாம் மீதியின் நான்மடங்கு 24, நான்காம் மீதியின் ஆறுமடங்கு 18, இவற்றோடு நூற்றாண்டெண் 3 ஆகியவற்றைக் கூட்ட 47 ஆகும். அதனை 7ஆல் வகுக்க மீதி 5. ஈற்றில், 22உடன் 3ஐயும் 5ஐயும் கூட்ட 30. ஆகவே 1777ஆம் ஆண்டில் உயிர்த்தெழுந்த ஞாயிறு மார்ச்சு 30ஆந் திகதி. ஏப்ரில் மாதக் கடைக்கூற்றில் விடை வரும் சில ஆண்டுகளுக்கு மாத்திரம் தனி விலக்குகள் உள. அவை இவ்வாண்டுக்கு வேண்டா.

ஆரோகணத் திருநாள் அந்த ஞாயிற்றுக்கு 39 நாள் பிந்தியது. மார்ச்சு 30இலிருந்து 39 நாள் எண்ண மே 8ஆந் திகதி வரும். அதற்கு எட்டு நாள் முந்தியது ஏப்ரில் 30. ஆகவே கவுஸ் பிறந்த நாள் 1777ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 30ஆந் திகதி என்பது பெறப்பட்டது. எழுத்தறியாத அன்னையாரின் நினைவு மகனின் கணக்கால் திகதியாயிற்று.

அத்திகதி புதன்தானா என்பதை நம் மாணாக்கர் கற்கும் முறையாலும் சோதிக்கலாம். நாட்தொகையை ஏழால் வகுத்து வரும் மீதியே கிழமையைக் காட்டும். முதல் 1600 ஆண்டுக்கு மீதி இல்லை. அடுத்த நூறு ஆண்டுக்கு மீதி 5. பின்வரும் 76 ஆண்டுகளுள் நெட்டாண்டு 19, ஏனையவை 57. நெட்டாண்டு ஒன்றுக்கு இரண்டும் ஏனையதற்கு ஒன்றுமாகக் கொள்ள 95. அதனை ஏழால் வகுக்க மீதி 4. 1777 ஜனவரி முதல் ஏப்ரில் 30 வரை 120 நாள். அதன் மீதி 1. ஐந்தும் நான்கும் ஒன்றும் பத்து. பத்தின் மீதி 3. ஞாயிற்றைப் பூச்சியமாகவும் திங்களை ஒன்றாகவும் கொண்டு எண்ண, மூன்று புதனாகும். தாய் சொன்ன கிழமை பிழைத்திலது.

இவ்விதியை வெளியிட்ட பதினாறு ஆண்டின்பின், அதில் நூற்றாண்டெண் காணும் பகுதியிலே ஒரு குறையை அவருடைய மாணாக்கர் தித்தெல் என்பவர் எடுத்துக்காட்டினார். பல நூற்றாண்டு கழிந்த பின்னரே வெளிப்படக்கூடிய குறை அது. தம் வாழ்நாளில் எவரையும் தீண்டாத அக்குறையைக் கவுஸ் ஒளித்தாரல்லர்; மாணாக்கருக்கு நன்றி கூறி 1816இல் திருத்தம் வெளியிட்டார். ஆசிரியர்கள் போற்றத்தக்க செயல் இது.

1801ஆம் ஆண்டு கவுசின் பெயரை உலகறியச் செய்த ஆண்டு. அவ்வாண்டில் எண்கணித ஆராய்ச்சி பற்றிய அவரது பெருநூல் இலத்தீன் மொழியில் வெளிவந்தது. தம்மைப் புரந்த கோமகனுக்கே அதனை அவர் உரிமையாக்கினார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்துநான்கு. இரண்டு எண்களை ஒரு குறித்த எண்ணால் வகுக்கும்பொழுது ஒரே மீதி வருமாயின் அவ்விரண்டையும் ஒத்த எண்களாகக் கொள்ளலாம் என்பதே அந்நூலின் தொடக்கம். சமன் குறியில் இரண்டு கோடுகள் உள்ளன. ஒத்த எண்களுக்கு அவர் மூன்று கோடுகளை இட்டார். அக்குறியீடு இன்றும் வழங்குகின்றது.

இக்கருத்தை விளக்க மணிக்கூட்டின் முகத்தினும் சிறந்த உவமை இல்லை. இப்பொழுது ஒன்பது மணியாயின், நூறு மணித்தியாலம் கழிந்தபின் முள் எதனைக் காட்டும்? நூறைப் பன்னிரண்டால் வகுக்க ஈவு 8, மீதி 4. எட்டு முழுச் சுற்றும் முள்ளை இருந்த இடத்திலேயே கொண்டுவந்து விடும். மீதி நான்கே அதனை நகர்த்துவது. ஆகவே விடை ஒரு மணி. ஈவு கழிந்தது, மீதி நின்றது.

முதலிற் கூறிய முட்கள் பொருந்தும் கணக்கும் இவ்வகையினதே. நிமிட முள் நிமிடத்துக்கு ஆறு பாகையும் மணி முள் அரைப்பாகையும் செல்வதால், ஒன்று மற்றொன்றை நிமிடத்துக்கு ஐந்தரைப் பாகையாக நெருங்கும். மூன்று மணிக்கு இடைவெளி 90 பாகை. தொண்ணூறை ஐந்தரையால் வகுக்க 16 4/11. எனவே மூன்று மணி 16 4/11 நிமிடத்தில் முட்கள் பொருந்தும். இது மாணாக்கர் அறிந்த வழி. மீதியின் கண்கொண்டு நோக்கினால் காரணம் இன்னும் தெளிவாகும். பன்னிரண்டு மணியிலிருந்து அவ்வேளை வரை மணி முள் சென்றது 3/11 சுற்று. நிமிட முள் சென்றது மூன்று முழுச் சுற்றும் 3/11 சுற்றும். முழுச் சுற்றுக்களை நீக்கினால் இரண்டிற்கும் எஞ்சுவது ஒன்றே. மீதிகள் ஒத்தபொழுது முட்கள் பொருந்துகின்றன.

அதே 1801ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி, சிசிலித் தீவிலிருந்து பியாசி என்னும் வானாராய்ச்சியாளர் சீறிஸ் எனப் பெயரிய சிறுகோளைக் கண்டார். பெப்ரவரி 11 வரையே அதனைப் பின்தொடர முடிந்தது. பின்னர் அது ஞாயிற்றின் ஒளியில் மறைந்தது. அச்சில நாட்களின் குறிப்பைக்கொண்டே கவுஸ் அதன் பாதையைக் கணித்து, மீண்டும் தோன்றும் இடத்தையும் கூறினார். ஆண்டின் இறுதி நாளில் அது அவர் குறித்த இடத்துக்கு மிக அணித்தாகக் காணப்பட்டது.

புகழ் வந்த அளவிற்குத் துன்பமும் வந்தது. 1806இல் பிறன்சுவிக் கோமகன் நெப்போலியனோடு நிகழ்ந்த போரிற் புண்பட்டு இறந்தார். 1807இல் கவுஸ் கோற்றிங்கன் வானாராய்ச்சி நிலையத்தின் தலைமையை ஏற்றார். 1809இல் அன்பு மனைவி யொகன்னா மகப்பேற்றை அடுத்து மறைந்தார். அக்குழந்தையும் நெடுநாள் வாழவில்லை. இரண்டாம் மனைவியாரையும் அவர் 1831இல் இழந்தார். இத்துன்பங்களுக்கிடையே நில அளவை, காந்தவியல், தந்திக் கருவி எனப் பல துறைகளில் அவருடைய உழைப்பு தொடர்ந்தது. வெபர் என்னும் பௌதிகப் பேராசிரியரோடு சேர்ந்து 1833இல் அவர் அமைத்த மின்தந்தி, வானாராய்ச்சி நிலையத்தையும் பௌதிக ஆய்வுகூடத்தையும் இணைத்தது.

இளமையிலே நண்பர் போல்யாய் வீட்டுக்கு வந்தபோது, தம் மகன் ஒரு நிலைக்கு வருவானோ என்று அன்னையார் ஐயத்துடன் வினாவினார் என்றும், ஐரோப்பாவிலேயே தலைசிறந்த கணிதராவார் என்று நண்பர் கூறக் கேட்டுக் கண்ணீர் உகுத்தார் என்றும் சொல்வர். அவ்வன்னையாரைக் கவுஸ் 1817இல் தம்முடன் கோற்றிங்கனுக்கு அழைத்துக்கொண்டார். இறுதி நான்கு ஆண்டும் அவர் பார்வையிழந்திருந்தார். 1839இல் உயிர் பிரியும் வரை மகன் உடனிருந்து பேணினார். தம் பிறந்த நாளைக் காத்துத் தந்தவருக்கு அவர் செய்த கைம்மாறு இது.

முதுமையிலும் நாட்களை எண்ணும் வழக்கம் கவுசை விட்டு நீங்கவில்லை. பெரியோர் எத்தனை நாள் வாழ்ந்தனர் என்பதைக் கணக்கிட்டுக் குறித்துவைப்பது அவருடைய இயல்பு. 1853ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் நண்பராகிய ஹம்போல்ற் என்னும் அறிஞருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அம்மாதம் 9ஆந் திகதியன்று ஹம்போல்ற், நியூற்றன் வாழ்ந்த அளவாகிய 30,766 நாளை எய்துவார் என்பது அதிற் கண்ட செய்தி.

மாணாக்கர் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். நியூற்றன் 1642 டிசெம்பர் 25இற் பிறந்து 1727 மார்ச்சு 20இல் இறந்தார். இவை இங்கிலாந்தில் அக்காலத்து வழங்கிய பழைய நாட்காட்டித் திகதிகள். எண்பத்துநான்கு ஆண்டுக்கு 30,660 நாள், நெட்டாண்டு மிகுதி 21, எஞ்சிய நாள் 85, ஆக 30,766. ஹம்போல்ற் பிறந்தது 1769 செப்ரெம்பர் 14. அவருக்கும் எண்பத்துநான்கு ஆண்டு, ஆனால் புதிய நாட்காட்டியில் 1800 நெட்டாண்டன்று, ஆதலின் மிகுதி 20, எஞ்சிய நாள் 86, தொகை அதுவே. ஒருவர்க்குக் குறைந்த நாள் மற்றோரிடத்து நிரம்பிற்று. இரண்டு நாட்காட்டிகளின் வேறுபாட்டையும் மறவாது எண்ணிய முதியவருக்கு அப்பொழுது வயது எழுபத்தாறு.

இத்தகைய கணக்குகள் அறிஞர்க்கு அழகோ என்று சிலர் நினைத்தல் கூடும். பயன் கருதிப் பிறவாத கருத்து எங்கே பயன்படும் என்பதை யார் அறிவார்? கவுஸ் பிறந்து இருநூறு ஆண்டு கழிந்த 1977இல் றிவெஸ்ற், சமீர், ஏடில்மன் என்னும் மூவர், செய்தியை மறைபொருளாக்கி அனுப்பும் முறையொன்றை வகுத்தனர். பேரெண்களை வகுத்து மீதி காண்பதே அதன் அடிப்படை. கணினிவழிச் செய்திகளைக் காக்க அது உலகெங்கும் பயன்படலாயிற்று.

1855ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆந் திகதி கவுஸ் கோற்றிங்கனில் உலக வாழ்வை நீத்தார். அவர் வழியிலேயே எண்ணிப் பார்த்தால், அவர் வாழ்ந்த நாள் 28,422. அதனை ஏழால் வகுக்க ஈவு 4060; மீதி 2. அன்னையார் நினைவில் வைத்திருந்த புதனோடு அவ்விரண்டைக் கூட்ட வெள்ளி வரும். அவர் மறைந்த நாள் வெள்ளிக்கிழமையே. ஆசிரியர்கள் கிழமைக் கணக்கைக் கற்பிக்கும்பொழுது சூத்திரத்துக்கு முன்னர் இவ்வரலாற்றைக் கூறுவாராயின், மாணாக்கர் மீதியை அஞ்சாது விரும்பிக் கற்பர் என்பது நம் துணிபு.